எச்சிலும் மிச்சிலும்

பிறருக்குக் கொடுக்கப்போகும் உணவைக் கொடுப்பவர் முன்னதாகச் சுவைத்துப் பார்க்கலாமா என்பது அடுக்களை ஒழுங்கு பற்றிய சிறிய கேள்வியாகத் தோன்றினாலும், தூய்மை பொருளில் இருக்கிறதா மனத்தில் இருக்கிறதா, உயிர் யாருக்காக இருக்கிறது என்னும் பெரிய கேள்விகள் அதனோடு பின்னிக் கிடக்கின்றன. தமிழில் இதைப் பேச இரண்டு சொற்கள் அருகருகே நிற்கின்றன. ஒருவர் வாய்பட்டதால் மற்றவருக்கு ஆகாது என்று விலக்கப்படுவது எச்சில். பிறர் உண்டபின் பானையில் எஞ்சி நிற்பது மிச்சில். இரண்டுக்கும் அடிப்படைப் பொருள் மீதி என்பதுதான். ஆயினும் முன்னது வசவாக வழங்க, பின்னதையோ விருந்தினருக்கு இட்டு எஞ்சியதை உண்பவனைப் பாராட்டுமிடத்தில் வள்ளுவர் எடுத்தாண்டிருக்கிறார். இவ்விரு சொற்களுக்கும் இடையிலான வழக்கு, இன்று அம்பத்தூர்த் தொழிற்பேட்டையாலும் ஆவடியின் படைத்துறைத் தொழிற்சாலைகளாலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையாலும் அறியப்படுகின்ற சென்னையின் மேற்குப் புறநகரில், ஒரு நாள் நடைக்குள் அடங்கும் சில ஊர்களின் அடியார் வரலாறுகளில், வேறெங்கும் காண்பதற்கரிய நெருக்கத்தோடு பேசப்பட்டிருக்கிறது.

சுவைத்துப் பார்த்தலைத் தனியொரு கலையாகவே வளர்த்தவர்கள் திராட்சை மது ஆக்குவோர். ஒயின் என்று வழங்கும் அந்த மதுவைச் சோதிப்பவர், கிண்ணத்தைச் சாய்த்து வெண்துணியின் மேல் அதன் நிறத்தைப் பார்த்து, சுழற்றி மணத்தை எழுப்பி முகர்ந்து, ஒரு வாய் உறிஞ்சி, புளிப்பும் துவர்ப்பும் இனிப்பும் நாவில் எந்த வரிசையில் வந்து எந்த வரிசையில் மறைகின்றன என்று கவனித்துவிட்டு, பக்கத்திலிருக்கும் கலத்தில் உமிழ்ந்துவிடுகிறார். விழுங்கினால் பத்தாவது கிண்ணத்தில் அறிவு மங்கிவிடும் என்பதால் உமிழ்தல் இத்தொழிலின் ஒழுக்கம். சுவையை அறிதலும் சுவையை நுகர்தலும் ஒன்றல்ல என்பதை இந்த உமிழ்தல் தெளிவாகக் காட்டுகிறது. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் கண்ட மரபில் வளர்ந்த வாசகருக்கு மதுவை உவமையாக எடுப்பது உறுத்தலாம். ஆனால் யவனர் கலங்களில் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் புறநானூறு அறிந்திருக்கிறது. 1945-இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை அகழ்ந்தபோது உரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. மயக்கம் வேறு, நாவின் அறிவு வேறு. இங்கு வேண்டப்படுவது பின்னதே.

அந்த அறிவின் நேர்மைக்கு மது ஆக்குவோர் கண்டுபிடித்த காப்பு, பெயரை மறைத்தல். 1976 மே 24 அன்று பாரிசில் ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள், எது எந்த நாட்டுத் தோட்டத்தில் விளைந்தது என்று தெரியாதபடி ஊற்றித் தரப்பட்ட மதுக்களுக்கு மதிப்பெண் இட்டபோது, வெள்ளை, சிவப்பு ஆகிய இரு வகையிலும் கலிபோர்னியாவின் மதுவே முதலிடம் பெற்றது. பெயர் தெரிந்திருந்தால் அவர்களுள் எவரும் அத்தகைய தீர்ப்பை எழுதியிருக்கமாட்டார் என்று எண்ண இடமுண்டு. இதற்கு மிகப் பழைய முன்மாதிரி யோவான் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. கானாவூர்த் திருமணத்தில் ஆறு கற்சாடிகளில் நிரப்பிய நீர் திராட்சை இரசமானபோது, அதை முதலில் சுவைத்தவன் பந்திவிசாரிப்புக்காரன். அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. தண்ணீர் மொண்ட வேலைக்காரர்களுக்குத் தெரியும். தோற்றுவாய் அறியாமல் சுவைத்ததால்தான் அவன் சொல் சாட்சியாக நிற்கிறது.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பது கோயில் மடைப்பள்ளி. மடைப்பள்ளி என்பது இறைவனுக்கு அமுது சமைக்கும் அறை. அங்கு ஆக்கப்படும் தளிகையைச் சமைப்பவர் சுவைக்கக் கூடாது, முகர்ந்து பார்க்கவும் கூடாது. காஞ்சி வரதராசர் கோயிலில் மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து அவிக்கும் இட்லிக்கு உப்புச் சரியாக இருக்கிறதா என்பதை, சமைப்பவரின் கண்ணளவும் கைப்பக்குவமும் மட்டுமே சொல்லவேண்டும். ஆவியின் மணம் தானாக மூக்கில் ஏறுவது வேறு, குனிந்து முகர்வது வேறு. விதி விலக்குவது இரண்டாவதைத்தான். இதன் அடியில் இருக்கும் மெய்யியல், நுகர்வோன் ஒருவனே என்பது. வடமொழியில் போக்தா எனப்படும் அந்த நுகர்வோன் இறைவன். அவன் கண்பட்டபின் எஞ்சுவதே பிரசாதம். முந்திச் சுவைக்கும் நாக்கு, அந்த ஒருவனின் இடத்தில் தன்னை உட்கார்த்திக்கொள்கிறது என்பதே குற்றம். விதி கடுமையானதுதான். ஆனாலும் அதன் உள்ளே ஓர் உயர்ந்த கருத்து இருப்பதை மறுக்கமுடியாது.

அந்த விதியை உடைத்தவரையும் அதே மரபு தலைமேல் வைத்துக் கொண்டாடியிருக்கிறது. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பூந்தமல்லிக்குத் தெற்கே குன்றத்தூரில் பிறந்தவர். அவர் விரித்துரைக்கும் வேடர் கண்ணப்பர், காளத்தி மலையில் பன்றி இறைச்சியைத் தீயில் வாட்டி, ஒவ்வொரு துண்டையும் பல்லால் அதுக்கிப் பதம் பார்த்து, நன்றாக இல்லாததை உமிழ்ந்து, இனித்ததை மட்டும் இலைத் தொன்னையில் சேர்த்து இறைவனுக்குக் கொண்டுபோகிறார். மது சோதிப்பவரும் கண்ணப்பரும் செய்வது புறத்தோற்றத்தில் ஒன்றே. ஆனால் சோதிப்பவர் தம் தீர்ப்புக்காகச் சுவைக்கிறார், வேடரோ தாம் விழுங்காமல் பிறர் வாய்க்கு நல்லது தேடுகிறார். பசித்த குழந்தைக்குக் கஞ்சி ஊட்டும் தாய் சூடு பார்ப்பதும் இந்த வகையே. அவளை எச்சில் படுத்தினாள் என்று எவரும் சொல்வதில்லை. ஆகம நெறி வழுவாத அர்ச்சகர் சிவகோசரியார் அந்த இறைச்சியைக் கண்டு பதறியதையும், அவருடைய கனவில் இறைவனே தோன்றி அவ்வன்பின் இனிமையைக் கூறியதையும் சேக்கிழார் ஒருசேர வைத்திருக்கிறார். விதியை மதித்தவரை அவர் இழிவாகக் காட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

முந்திச் சுவைத்தலுக்கு இன்னொரு பயனும் உண்டு. அரசனின் உணவை முதலில் தீயிலும் பறவைகளுக்கும் இட்டுச் சோதிக்கவேண்டும் என்கிறது கௌடிலியரின் அர்த்தசாத்திரம். அங்கு முதல் வாய் என்பது ஆபத்தின் வாய். 2013-இல் பீகாரில் பூச்சிமருந்து கலந்த பள்ளி உணவை உண்டு 23 குழந்தைகள் இறந்தபின், மதிய உணவைப் பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் உட்படப் பெரியவர்கள் உண்டு பார்க்கவேண்டும் என்ற விதி நாடெங்கும் வலியுறுத்தப்பட்டது. சமதர்மப் பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று 1955 சனவரியில் காங்கிரசு மாநாடு தீர்மானம் இயற்றிய இடம் ஆவடி. மறு ஆண்டு காமராசர் தொடங்கிய பள்ளி உணவு, 1982-இல் சத்துணவாக விரிந்து, 2022-இல் காலை உணவையும் சேர்த்துக்கொண்டு, ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் உள்ள அரசுப் பள்ளிகளின் அன்றாடமாகிவிட்டது. அண்டாவிலிருந்து ஒரு கரண்டிச் சாம்பார் சாதத்தை எடுத்துத் தம் தட்டில் போட்டு, வெந்திருக்கிறதா, வாடை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வரிசையில் நிற்கும் பிள்ளைகளை அழைக்கிற ஆசிரியர், கண்ணப்பரின் வழியில் நிற்கிறார் என்பது மிகைப்பட்ட கூற்று அன்று.

இதுவரை பேசப்பட்டது முதல் வாய். கடைசி வாயைப் பற்றிப் பேசுவது திருவேற்காட்டில் பிறந்த மூர்க்க நாயனாரின் வரலாறு. சிவனடியார்க்குச் சோறிட்டே நிலபுலன்களைத் தீர்த்துவிட்டு, சூதாடிப் பொருள் ஈட்டி, ஊர் ஊராகச் சென்று கும்பகோணம் வரை போய் அப்பணியைத் தொடர்ந்த அவர், வென்ற பணத்தைத் தம் கையால் தீண்டாமல் சமைப்போரே எடுத்துக்கொள்ளவிட்டு, அடியார் எல்லாரும் உண்டபின் கடைப்பந்தியில் உண்டார் என்கிறது புராணம். சூதும், ஏய்த்தவரைக் குத்திய உடைவாளும் அவ்வரலாற்றில் ஒப்புக்கொள்ள முடியாதவை. கடைப்பந்தி மட்டும் மிச்சில் என்ற சொல்லின் முழுப் பொருளையும் தாங்கி நிற்கிறது.

பூந்தமல்லிக்கு மேற்கே உள்ள திருமழிசையில் மிச்சிலே மருந்தாகிறது. பிறந்தவுடன் விடப்பட்டு, பிரம்பு அறுக்கும் தம்பதியரால் எடுக்கப்பட்ட குழந்தை எவர் கொடுத்ததையும் உண்ணாதிருக்க, பிள்ளையில்லாத முதியவர் ஒருவர் அன்போடு காய்ச்சிக் கொண்டுவந்த பாலை மட்டும் ஏற்றுக்கொண்டது. ஒருநாள் அது மீத்து வைத்த பாலை அம்முதியவரும் மனைவியும் பருகி இளமை மீண்டனர். அவர்களுக்குக் கணிகண்ணன் என்ற மகன் பிறந்தான். குழந்தை வளர்ந்து திருமழிசை ஆழ்வாரானது என்று வைணவ மரபு கூறும். கொடுத்தவரும் நான்காம் வருணத்தவர், குழந்தை வளர்ந்த வீடும் உயர்குலத்தார் வீடன்று. திருமாலையில் தொண்டரடிப்பொடி ஆழ்வாரும், அடியார் உண்ட சேடம் கிடைத்தால் அது புனிதமானது என்றே கொள்கிறார். கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை வழங்கிய பின் கிண்ணத்தில் எஞ்சும் திராட்சை இரசத்தைக் கொட்டாமல் பருகி முடிக்கவேண்டும் என்று விதித்திருப்பதும் இதற்கு அயலான உணர்வு அன்று.

சேடம் என்பது சேஷம் என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். எஞ்சியது என்னும் பொருளுடைய இச்சொல்லை, வேள்வி விதிகளை ஆராயும் மீமாம்சை நூலில் சைமினி, 'பிறிதொன்றுக்காக இருப்பது' என்ற கலைச்சொல்லாக்கினார். 1017-இல் திருப்பெரும்பூதூரில் பிறந்த இராமானுசர் அதையே தம் வேதாந்தத்தின் நடுத்தூணாக நிறுத்தினார். உயிர் சேஷம், இறைவன் சேஷி, அதாவது அந்த உயிரை உடையவன்; தன் பயன் தன்னிடத்தில் இல்லாமல் அவனிடத்தில் இருப்பதே உயிரின் இயல்பு என்பது அவர் கொள்கை. இலையில் மீந்த சோற்றுக்கும் மனித உயிரின் இலக்கணத்துக்கும் ஒரே பெயர் வாய்த்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இராமானுசரின் வாழ்க்கையில் அவ்விரு பொருளும் ஓர் இலையில் வந்து சந்தித்தன.

பூவிருந்தவல்லி என்ற பழம்பெயர் கொண்ட பூந்தமல்லியில் பிறந்து, அங்கு வளர்த்த மலர்களைக் காஞ்சி வரதராசருக்குக் கொண்டுசென்று சாத்தி, அவருக்கு ஆலவட்டம் வீசி, அவரோடு பேசும் பேறும் பெற்றவர் திருக்கச்சி நம்பி. அவர் அந்தணர் அல்லர். வைசியர் என்பது மரபு. அவரைத் தம் ஆசிரியராகக் கருதிய இராமானுசர், அவர் உண்ட சேஷத்தை உண்ண விரும்பி வீட்டுக்கு அழைத்தார். நம்பியோ, இராமானுசர் தம்மை எதிர்கொண்டு அழைக்க வேறு தெருவழியே போயிருந்த நேரத்தில் வந்து, கோயில் பணி இருக்கிறதென்று விரைவாக உண்டுவிட்டுப் போய்விட்டார். தம்மால் ஓர் அந்தணர் ஆசாரம் மீறக்கூடாது என்றே அவர் அப்படி வந்தார் என விளக்குவோரும் உண்டு. இராமானுசரின் மனைவி தஞ்சமாம்பாள் இலையை அப்புறப்படுத்தி, மீந்த சோற்றை ஒரு பணியாளுக்குக் கொடுத்து, இடத்தைச் சாணமிட்டு மெழுகி, குளித்து, கணவருக்குப் புதிதாக உலை வைத்தார். திரும்பிவந்த இராமானுசர் கண்டது ஈரத் தரையும் புதுச் சோறும்.

பெயர் மறைத்துச் சுவைத்த பாரிசு நடுவர்களுக்கும் தஞ்சமாம்பாளுக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்குகிறது. அவர்கள் பெயரை விலக்கிப் பொருளைச் சோதித்தார்கள். சாதி ஆசாரமோ பொருளைச் சோதிப்பதே இல்லை, பெயர் ஒன்றே அதற்குப் போதும். அந்தச் சோறு தஞ்சமாம்பாளின் கையாலேயே ஆக்கப்பட்டது, அன்று காலையில் வடித்தது. அதில் மாறியது, யாருக்கு முதலில் இடப்பட்டது என்பது மட்டுமே. அந்த முதன்மையை இராமானுசர் அருளாகக் கண்டார், அவர் மனைவி தீட்டாகக் கண்டார். இதையும் இதுபோன்ற வேறு இரு நிகழ்ச்சிகளையும் காரணமாகக் காட்டி, இராமானுசர் அவரைப் பிறந்தகம் அனுப்பிவிட்டுத் துறவு பூண்டதாக வரலாறு செல்கிறது. ஊரெல்லாம் கைக்கொண்டிருந்த ஆசாரத்தை, தமக்குச் சிறுவயதிலிருந்து கற்பிக்கப்பட்டபடி வழுவாமல் செய்த ஒரு பெண்ணின்மேல் முழுக் குற்றத்தையும் சுமத்துவது நியாயமாகாது. கணவரின் உள்ளக்கிடக்கை அவருக்கு முன்கூட்டிச் சொல்லப்பட்டதாகவும் கதையில் இல்லை.

கதையில் இன்னொருவர் இருக்கிறார். உரைகாரர்கள் அவர்பால் நின்று பார்ப்பது அரிது. வேதாந்தம் கற்ற இராமானுசர் ஏங்கி நின்று பெறமுடியாமற்போன திருக்கச்சி நம்பியின் சேஷம், அன்றைக்குக் காஞ்சியில் ஒரு கலத்தில் போய்ச் சேரத்தான் சேர்ந்தது. வாசலில் ஏனத்தை ஏந்தி அதை வாங்கிக்கொண்டு போன அந்தப் பணியாளுக்கு அது யார் உண்டு எஞ்சியது என்று தெரிந்திருந்ததா, கானாவூர்ப் பந்திவிசாரிப்புக்காரனைப்போல வந்த வழி அறியாமலே உண்டாரா என்பதைக் கதை சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு பெயரும் தரவில்லை. பசியோடு வாங்கிப்போயிருப்பார், உண்டிருப்பார்.