யாரைப் பார்த்து ஆடுவது?

உங்களிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன். திருவிழா நாளில் கோயிலுக்குப் போகிறீர்கள். மண்டபத்தில் குழந்தைகளின் நாட்டியம். மேடை சந்நிதிக்கு எதிரே இருக்கிறது. நாற்காலி போட்டிருக்கிறார்கள், போய் உட்காருகிறீர்கள். ஐந்து நிமிடம் கழித்துத்தான் உறைக்கிறது, ஸ்வாமி உங்கள் முதுகுக்குப் பின்னால்! எழுந்து நகர்வீர்களா, 'அவர் எங்கும் நிறைந்தவர்தானே' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்களா?

நான் உட்கார்ந்துவிடுகிற ரகம். மறைப்பானேன்! இந்தக் கேள்வியை எனக்குள் போட்டவர் என் மாமியார். அதுவும் நம் ஊரில் அல்ல, கடல் கடந்து பாலித் தீவில்.

இந்தோனேசியாவில் இருக்கும் பாலித் தீவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் தேசத்தில், பெரும்பாலோர் இந்துக்களாக இருக்கும் தீவு. குடும்பத்தோடு போயிருந்தோம். சுற்றுலாக்காரர்கள் கொடுத்த தாளில் மூன்றாம் நாளுக்கு எதிரே 'மாலை கோயில், பாரம்பரிய நடனம், இரவு உணவு' என்று ஒரே வரி. அத்தைக்கு அதில் முதல் வார்த்தை மட்டும்தான் கண்ணில் பட்டது. அன்று மத்தியானமே தலை வாரி, பட்டுப்புடவை கட்டி, கைப்பையில் திருநீற்றுப் பொட்டலம் சகிதம் தயாராகிவிட்டார்.

கோயிலின் பெயர் உலுவாத்து. தீவின் தென்மேற்கு மூலையில், கடலுக்கு மேலே சுமார் 70 மீட்டர் உயரப் பாறை விளிம்பில் நிற்கிறது. பதினோராம் நூற்றாண்டில் எம்பு குதூரான் என்ற மகான் அமைத்த கோயில் என்பார்கள். பதினாறாம் நூற்றாண்டில் டாங் ஹ்யாங் நிரார்த்தா என்ற துறவி இங்கேதான் முக்தி அடைந்தார் என்பது அவர்களின் நம்பிக்கை. கோயில்களில் 'பத்மாசனம்' எனும் வெற்று ஆசனத்தைப் பரம்பொருளுக்காக எழுப்பும் வழக்கத்தைப் பரப்பியவர் என்றும் அவரைச் சொல்கிறார்கள். விக்கிரகம் இல்லை, உயரத்தில் காலி இருக்கை மட்டும். நம் சிதம்பர ரகசியம் நினைவுக்கு வருகிறதா? எனக்கும் வந்தது.

வாசலில் எல்லோருக்கும் இடுப்பில் ஒரு துணிப்பட்டை கட்டிவிடுகிறார்கள். கால் தெரிய உடுத்தியவர்களுக்கு மேலே சுற்றிக்கொள்ள வேட்டி மாதிரி ஒரு துணியும் உண்டு. உள்ளே வானரங்களின் ராஜ்ஜியம்! என் கணவரின் மூக்குக் கண்ணாடி போய், ஒரு பழத்துக்குப் பண்டமாற்றாகத் திரும்பி வந்தது. 'ராமாயணம் பார்க்க வந்தோம், வரவேற்கிறவரும் அவர் ஆளாகவே இருக்கார்' என்று அத்தை சிரித்தார்.

சிரிப்பு உள்வாசல் வரைக்கும்தான். அங்கே கதவு சாத்தியிருந்தது. வழிபட வருகிறவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று பலகை. 'நாங்களும் கும்பிடத்தானே வந்தோம்?' என்றார் அத்தை. வழிகாட்டி இளைஞர் தயங்கினார். முறையாக உடுத்தி, பூஜைத் தட்டோடு, அதற்கென்று நேரம் ஒதுக்கி வந்தால் ஏற்பாடு செய்யலாம். இன்று நடனம் ஆரம்பிக்க இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கிறது, நல்ல இடம் போய்விடும் என்றார். நாங்கள் நல்ல இடத்துக்கு ஓடினோம். திரும்பிப் பார்த்தபோது அத்தை சாத்திய கதவைப் பார்த்துக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

நடனத்தின் பெயர் கேசாக். வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. மேலாடை இல்லாமல், இடுப்பில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி அணிந்த ஆண்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து 'சக் சக் சக்' என்று குரலாலேயே தாளம் எழுப்புகிறார்கள். நடுவில் ஒரு தீபம். பின்னால் கடலில் சூரியன் இறங்க, சீதையை ராவணன் கவர்ந்து போகிறான், ஆஞ்சநேயர் வருகிறார், தீ மூட்டுகிறார்கள்... மெய் சிலிர்த்தது என்றால் பொய்யில்லை.

ஆரம்பத்தில் ஒன்று நடந்தது. பூசாரி ஒருவர் வந்து ஆடுபவர்கள் மீது தீர்த்தம் தெளித்தார். அத்தை சட்டென்று எழுந்து கைகூப்பினார். பின் வரிசையிலிருந்து யாரோ, கேமராவை மறைப்பதாகச் சொல்லி உட்காரச் சொன்னார்கள். அவர் புடவைத் தோளைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தது நான்தான்.

வண்டியில் ஏறியதும் அத்தை கேட்டார்: 'ஏம்மா, இப்ப நாம கோயிலுக்குப் போனோமா, கூத்துக்குப் போனோமா?'

சாதாரணக் கேள்வி என்று நினைத்தேன். ஊர் திரும்பிய பிறகும் அது விடவில்லை. இதே கேள்வியோடு பாலி மக்களும் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் பார்த்த கேசாக், ஆதியில் ராமாயண நாடகமே அல்ல. 'சங்ஹ்யாங்' என்றொரு சடங்கு உண்டு. ஊரில் கொள்ளைநோய் வந்தால், பருவமடையாத சிறுமிகள் மேல் தெய்வம் இறங்கி ஆடும். சுற்றி உட்கார்ந்து குரல் கொடுப்பார்கள். அந்தக் குரலை எடுத்து, ராமாயணக் கதையைச் சேர்த்து, வெளியார் பார்க்கத்தக்க நிகழ்ச்சியாக 1930-களில் அமைத்ததில் முக்கியப் பங்கு வகித்தவர்கள் வால்ட்டர் ஸ்பீஸ் என்ற ஜெர்மானிய ஓவியரும், வாயன் லிம்பாக் என்ற பாலி நடனக் கலைஞரும்.

பிறகு பயணிகள் வெள்ளமாக வர ஆரம்பித்ததும் பெரியவர்களுக்குக் கவலை வந்துவிட்டது. எதைக் காசுக்கு ஆடலாம், எதை ஆடக்கூடாது? 1971-ல் கூடிப் பேசினார்கள். அவர்கள் சொன்ன முடிவு எனக்கு ரொம்பப் பிடித்தது. 'எல்லாம் புனிதம், யாருக்கும் காட்டாதே' என்று சொல்லவில்லை. 'எல்லாம் கலைதானே, விற்றுக்கொள்' என்றும் சொல்லவில்லை. பாலிக் கோயில்களுக்கு மூன்று முற்றங்கள் உண்டு. அதையே அளவுகோலாக்கினார்கள். உள் முற்றத்து ஆட்டம் ஸ்வாமிக்கு. நடு முற்றத்து ஆட்டம் சடங்கோடு ஒட்டியது, மனிதர்களும் பார்க்கலாம். வெளி முற்றத்து ஆட்டம் நம் சந்தோஷத்துக்கு. 2015-ல் யுனெஸ்கோ இந்த மூன்று வகை நடனங்களையும் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

உள் முற்றத்து நடனங்களில் ஒன்று ரெஜாங். வித்வத் எல்லாம் வேண்டாம். ஊர்ப் பெண்கள் வரிசையாக, மெதுவாக, சந்நிதியை நோக்கி அசைந்து போவார்கள். எங்கள் வண்டியோட்டியின் ஊரில் அந்த வாரம் கோயில் விழா. அங்கே பெரும்பாலான கோயில்களுக்கு 210 நாளைக்கு ஒருமுறை விழா வரும். 'இன்று ராத்திரி என் மனைவி ரெஜாங் ஆடுகிறாள்' என்றார். 'பார்க்க நிறைய பேர் வருவார்களா?' என்று நான் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'பெண்கள் எல்லோரும் ஆடப் போய்விடுவார்களே, யார் மிச்சம் இருப்பார்கள்?' என்றார். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. என் கேள்வி அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

பார்வையாளரே இல்லாத நாட்டியம்! நினைத்துப் பாருங்கள். நம்மால் முடிகிறதா? விளக்கு பூஜைக்கு உட்கார்ந்தால்கூட, 'ஒரு போட்டோ எடுத்துடேன்' என்று பெண்ணைக் கூப்பிடுகிறோம். கொலு வைத்தால் வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான் ஒன்பது நாளும் மனசில் ஓடுகிறது. அம்பாள் என்ன நினைத்தாள் என்று ஒரு நாளாவது யோசித்தோமா?

'பழைய காலத்தில் எல்லாம் ஸ்வாமிக்காகவே நடந்தது' என்று பெருமூச்சு விட நான் வரவில்லை. நம் தேசத்தில் ஸ்வாமிக்கென்று ஆடிய பெண்களை ஊர் எப்படி நடத்தியது என்பது நமக்குத் தெரியும். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டு நிறுத்த வேண்டியிருந்தது. அந்த மரபில் வந்தவர்தான் வீணை தனம்மாளின் பேத்தி, பரத மேதை பாலசரஸ்வதி. 1975-ல் தமிழ் இசைச் சங்கத்தில் அவர் பேசியபோது, ஒரு நாட்டியக் கச்சேரியின் வரிசையைக் கோயிலாகவே விளக்கினார். அலாரிப்பு கோபுரம், அடுத்தடுத்த உருப்படிகள் மண்டபங்கள், வர்ணம் சந்நிதிப் பிரகாரம், பதம் கருவறை, கடைசியில் தில்லானா கற்பூர ஆரத்தி. கோயில் என்பது சுவரால் கட்டியது மட்டுமல்ல, ஆடுபவளின் வரிசையிலும் இருக்கிறது என்கிறார். சபா மேடையில், டிக்கெட் வாங்கியவர்கள் நடுவில் ஆடினாலும் அவர் கருவறை வரை போய்த் திரும்பியிருக்கிறார்!

அப்படியானால் முற்றம் எதற்கு, சுவர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். பாலியிலேயே அதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி இருக்கிறது. கோயிலில் பூஜைக்கு ஆடும் பெண்டெட் என்ற நடனத்தைப் பயணிகளை வரவேற்க ஆட ஆரம்பித்தார்கள். அது தகாது என்று பட்டதால், அதே சாயலில் வரவேற்புக்கென்றே 'பன்யெம்ப்ரமா' என்று ஒரு புது நடனம் அமைத்தார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? கற்றுக்கொண்ட பெண்கள் கொஞ்ச காலத்தில் அதைக் கோயிலுக்குள் கொண்டுபோய் ஸ்வாமிக்கும் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். விருந்தாளிக்கு என்று செய்தது நைவேத்தியமாகிவிட்டது.

எனக்கு இதில் ஒன்று தெளிவாகிறது. வெளி முற்றத்தில் நிற்பது பாவமில்லை. அதுவும் அவர் வீடுதான். ஆனால் வெளி முற்றத்தில் கைதட்டிவிட்டு, கருவறை வரை போய் வந்ததாக நினைத்துக்கொள்கிறோமே, அங்கேதான் ஏமாறுகிறோம். ஏமாறுவது ஸ்வாமி இல்லை. அன்றைக்கு நான் ரசித்தது தவறல்ல. கைகூப்பி நின்றவரை இழுத்து உட்கார வைத்தது தவறு.

இரவு உணவு ஜிம்பாரன் கடற்கரையில். மணலில் மேஜை, மெழுகுவத்தி, பக்கத்தில் தேங்காய் மட்டை நெருப்பில் மீன் வாட்டும் புகை. எங்களுக்குச் சோறும் காய்கறியும் தனியாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அத்தை ஒரு பிடி சோற்றை எடுத்து, தட்டுக்கு வெளியே வாழை இலைத் துண்டில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பித்தார். வீட்டில் தினமும் காகத்துக்கு வைப்பவர். அங்கே காகத்துக்கு எங்கே போவது?

பரிமாற வந்த பெண் அதைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்து, தன் நெஞ்சைத் தொட்டு, சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். வழிகாட்டி விளக்கினார். பாலியில் காலையில் சமையல் முடிந்ததும், வீட்டில் யாரும் வாய் வைப்பதற்கு முன், சின்னச் சின்ன இலைத் துண்டுகளில் கொஞ்சம் சோறு வைத்து அடுப்பு, தண்ணீர் இருக்கும் இடம், முற்றம் என்று வைப்பார்களாம். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் 'யத்ஞ சேச'. நம் யக்ஞ சேஷம்! கீதையில் பகவான் சொல்லும் அதே விஷயம். வேள்வியில் மிஞ்சியதை உண்பவர்கள் பாவம் நீங்குகிறார்கள். பெரிய பூஜைக்குப் படைத்த பழமும் பலகாரமும்கூட, ஸ்வாமி ஏற்றுக்கொண்ட பிறகு வீட்டாருக்குத்தான்.

சுற்றுலாத் தாளில் கோயில், நடனம், உணவு என்று மூன்று இருந்தன. அத்தை அன்று உண்மையாகக் கோயிலுக்குள் போனது, அந்தக் கடற்கரை மேஜையில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. யாருக்கும் காட்டுவதற்காக அவர் வைக்கவில்லை. அந்தப் பெண் பார்த்தது தற்செயல்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், என் பெண். இந்த நவராத்திரிக்கு எங்கள் பேட்டைக் கோயிலில் அவளும் இன்னும் ஏழு குழந்தைகளும் ஆடுகிறார்கள். அம்பாள் சந்நிதிக்கு எதிரே மேடை. நடுவில் விருந்தினர் நாற்காலிகளும் பார்வையாளர்களும். குழந்தைகள் சந்நிதியைப் பார்த்து ஆடினால், உட்கார்ந்திருப்பவர்கள் முதுகு அம்பாளுக்கு. மேடையை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டால், ஆடுகிற குழந்தைகளின் முதுகு அம்பாளுக்கு. போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் இதைச் சொன்னேன். நாட்டிய ஆசிரியை, முதல் உருப்படியை மட்டுமாவது சந்நிதிக்கு உள்ளேயே, அம்பாளைப் பார்த்தபடி, கூட்டம் வருவதற்கு முன் ஆடிவிடலாம் என்று சம்மதித்தார். மாலை ஐந்து மணிக்கு, நடை திறந்ததும்.

அம்மாக்கள் கூட்டத்தில் ஒருவர் மெல்லக் கேட்டார்: 'அப்ப வீடியோவில குழந்தைங்க முதுகுதானே வரும்?'

அத்தை என்னைப் பார்த்தார். நான் இன்னும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. ஒத்திகை மறுபடியும் இந்த ஞாயிற்றுக்கிழமை.