கட்டளையாக வந்த சமத்துவம்

மோட்டார்சைக்கிளில் போகும் பெண்ணை வன்னியில் எவரும் விடுப்புப் பார்க்காத காலமொன்று இருந்தது. அது இயக்கத்தின், விடுதலைப் புலிகளின், காலம். காவல்துறை, நீதிமன்றம், மருத்துவப் பிரிவு, முன்னரங்கு எங்கும் பெண்கள் நின்றார்கள். 1987 ஒக்ரோபர் 10 அன்று கோப்பாயில் இந்தியப் படையுடன் மோதி இயக்கப் போராளி மாலதி இறந்தார். பின்னாளில் அவர் பெயரில் ஒரு படையணியே உருவானது. சாமத்தியப்பட்ட பிள்ளையைப் படலைக்கு வெளியே விடத் தயங்கிய சமூகத்தில் இது சின்ன விசயமில்லை. அந்தப் பிள்ளைகளின் துணிவை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அந்தச் சமத்துவத்தின் எல்லையைப் போட்டவர்கள் யார்? பெண்ணின் கையில் ஆயுதம் கொடுத்த இயக்கத்தால் அவள் தன்பாட்டில் சிந்திப்பதைப் பொறுக்க முடியவில்லை. 'தோழி' இதழை நடத்திய கவிஞர் செல்வியை 1991 இல் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவேயில்லை. போரின் கடைசிக் காலத்தில் இயக்கம் வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு வந்தபோது, மகளைப் பதுங்குகுழிக்குள் ஒளித்த தாய்மாரும், படிக்கிற வயதில் அவசரமாகக் கலியாணம் கட்டிக்கொடுத்த தாய்மாரும் புதுக்குடியிருப்பில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பெண்விடுதலை என்று நான் எதைச் சொல்வது?

2009 மே மாதத்தில் போர் முடிந்ததோடு கட்டளையிட்டவர்கள் இல்லாமல் போனார்கள். புனர்வாழ்வு முடிந்து வந்த பெண்ணை, "இயக்கத்திலை இருந்த பிள்ளையோ? அப்ப சரிவராது" என்று சொல்லிவிட்டுச் சம்பந்தம் பேச வந்தவர்கள் எழும்பிப் போனார்கள். அவளைப் போன்றவர்களுக்கு மாலை போட்ட அதே சனம்தான்.

பெண்ணியம் இங்கே வேர்விட்டது அதன்பிறகுதான் என்று நினைக்கிறேன். 2017 பெப்ரவரி முழுவதும் கேப்பாப்பிலவுப் பெண்கள் விமானப்படை முகாமின் வாசலில், பனியிலும் வெயிலிலும், பிள்ளைகளோடு படுத்துக்கிடந்து, படை பிடித்துவைத்திருந்த தங்கள் பிலக்குடியிருப்புக் காணியை மீட்டார்கள். புதுக்குடியிருப்பிலும் சனம் காணிக்காகக் குந்தியிருந்தது. அதே மாதம் 20 ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடர்போராட்டத்தைத் தொடங்கினார்கள். போ என்று அவர்களை எந்தத் தளபதியும் அனுப்பவில்லை.

ஒன்று மட்டும் மனதை அரிக்கிறது. வன்னியில் பெரும்பாலானது பெர்மிட் காணி, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் வாரிசுரிமையில் மகளுக்கு முன் மகனை வைத்தது. 2022 இல்தான் அதைத் திருத்தினார்கள். பெர்மிட்டில் பெயருள்ள கணவன் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால், அந்தக் காணியைக் காத்து உழைக்கும் மனைவி இன்னும் கந்தோர் கந்தோராக அலைகிறாள். அவளுடைய பெயரை எழுதச்சொல்லிப் பிரதேச செயலக வாசலிலும் நாங்கள் போய்க் குந்தவேண்டும்.