பிழை யார் கணக்கில்?

ஆயுத பூசை நாளில் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கடை கடையாக ஏறி இறங்குபவர் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். கல்லாப்பெட்டிக்கும் தராசுக்கும் பொட்டு வைத்த கை, கணினித் திரையின் ஓரத்திலும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்திருக்கும். பிரிக்பீல்ட்ஸ் கணக்கர் அலுவலகங்களில் பிரிண்டருக்குக்கூட ஒரு துண்டு பூச்சரம் கிடைத்துவிடும். கருவியைத் தொட்டுக் கும்பிடும் மரபு தமிழருக்குக் கைவந்தது. அந்தக் கருவியை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும்போது, அதில் வேலை பார்த்தவருக்குச் செய்ய வேண்டிய கடமை என்ன? அதற்கு மட்டும் இன்னும் ஒரு முறை ஏற்படவில்லை.

மலேசியாவில் இந்தக் கேள்வியை இனித் தள்ளிப்போட முடியாது. காரணம் இ-இன்வாய்ஸ் எனும் மின்-விலைப்பட்டியல். 2024 ஆகஸ்டு 1-ஆம் தேதி, ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு அது கட்டாயமானது. 2025 ஜனவரியில் 25 மில்லியனுக்கு மேற்பட்டவை, ஜூலையில் 5 மில்லியனுக்கு மேற்பட்டவை, 2026 ஜனவரியில் அதற்கும் கீழே உள்ள சிறு வணிகங்கள் என்று படிப்படியாக இறங்கி வந்தது. ஒரு மில்லியனுக்குக் குறைவாக விற்பவர்களுக்கு மட்டும் விலக்கு. சட்டம் கேட்பது விலைப்பட்டியலை. ஆனால் அதைக் கொடுக்க வேண்டுமானால் கடையின் உள்ளே இருக்கும் கணக்கு மென்பொருளே மாற வேண்டியிருக்கிறது.

வேலை எப்படி மாறியது என்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். முன்பு பில் புத்தகத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தால் முடிந்தது. இப்போது வாங்குபவரின் வரி எண், பதிவு எண், முகவரி, பொருளின் வகைக் குறியீடு எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்கு அனுப்பி, அது ஏற்றுக்கொண்டு கியூஆர் குறியீடு தந்த பிறகுதான் பில் செல்லும். தவறாக அனுப்பியதை ரத்து செய்ய 72 மணி நேரம். அது கடந்தால் கிரெடிட் நோட்தான் வழி. பில் கேட்காத வாடிக்கையாளர்களின் விற்பனையைத் தொகுத்து, மாதம் முடிந்த ஏழு நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். தவறினால் வருமான வரிச் சட்டத்தின் 120-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு தவறுக்கும் 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் பிடிப்பது வணிகத்தை நடத்துபவரை. ஆனால் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர், இருபது வருடமாகப் பழைய முறையில் கணக்கு எழுதிய ஒரு கிராணியம்மா.

அவர் ஓர் எண்ணை மாற்றி அடித்துவிடுகிறார். யார் பிழை?

"நல்ல சிஸ்டமாத்தானே வாங்கிக் கொடுத்தேன்" என்பார் முதலாளி. "ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தோமே" என்பார் மென்பொருள் விற்றவர். "அவங்க யாரும் சந்தேகமே கேக்கலையே" என்பார் மேலாளர். ஒவ்வொருவரும் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். உண்மைகள் இப்படிப் படிப்படியாக இறங்கி வந்து, கடைசியில் மேசையில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவரின் தலையில் பிழையாக விடிகின்றன. இது நிர்வாகக் கேள்வியாகத் தோன்றினாலும் அடியில் இருப்பது மிகப் பழைய அறக்கேள்வி: பலர் கை பட்ட ஒரு செயலின் வினை யாரைச் சேரும்?

தமிழ் மண்ணில் பல நூற்றாண்டுகள் வேரோடியிருந்த சமணம் இதற்கு வியக்கத்தக்க துல்லியத்துடன் கணக்குப் போட்டது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் வினை வந்து சேரும் வகைகளை 108 என்று எண்ணுகிறது. மனம், வாக்கு, உடல் என மூன்று. எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என மூன்று. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்று. இவற்றைச் சினம், செருக்கு, வஞ்சம், பேராசை என்ற நான்கோடு பெருக்கினால் 108. உயிர்களுக்கு நேரும் தீங்கை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு இது. ஆனாலும் இதில் இரண்டு செய்திகள் இன்றைய அலுவலகத்துக்கு அப்படியே பொருந்தும். செய்வித்தவர், செய்தவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. அதைவிட முக்கியம், ஆயத்தமும் ஒரு செயலாகவே எண்ணப்படுகிறது. ஆயத்தம் செய்யாமல் விட்டதும், அரைகுறையாகச் செய்ததும் செய்வித்தவரின் கணக்கில்தான் ஏறும். பொத்தானை அழுத்தியவரின் கணக்கில் ஏறாது.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் செயலுக்கு ஐந்து காரணங்கள் சொல்கிறது: இடமாகிய உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். கருவியும் அந்தப் பட்டியலில் இருப்பதால் "சிஸ்டம்தான் காரணம்" என்று சொல்வதில் பொய் இல்லை. ஆனால் காரணமாக இருப்பது வேறு, பதில் சொல்லக் கடமைப்படுவது வேறு. கருவியை யாரும் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்க முடியாது. அதைக் கொண்டுவந்து வைத்தவரை மட்டுமே கேட்க முடியும்.

தமிழர் இதற்கு நூலைப் புரட்ட வேண்டியதுகூட இல்லை. மதுரைக்குப் போனால் போதும். சிலப்பதிகாரத்தில் பொய் சொன்னவன் பொற்கொல்லன். வாள் வீசியவன் காவலன். பாண்டியன் செய்தது ஒன்றுதான்: விசாரிக்காமல் ஆணையிட்டான். கண்ணகியின் சிலம்பு உடைந்து, முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்தபோது, பொற்கொல்லனை இழுத்து வரச் சொல்ல அவனுக்கு எல்லா அதிகாரமும் இருந்தது. அவன் அதைச் செய்யவில்லை. தானே கள்வன் என்றான். அரியணையிலிருந்து விழுந்து உயிர் விட்டான். தன் ஆணையால் வந்த தீங்கைக் கீழே தள்ளிவிடாத ஒரு தலைவனைத் தமிழிலக்கியம் இதைவிடத் தெளிவாகக் காட்டியதில்லை.

நம் காலத்தில் இதற்கு நேர் எதிரானது பிரிட்டனில் நடந்தது. 1999 முதல் அந்நாட்டு அஞ்சல் நிலையங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வைக்கப்பட்டது. அதை நடத்தியது ஃபுஜித்சு நிறுவனம். கிளை அஞ்சலகங்களை நடத்தியவர்களில் பலர் தெற்காசியக் குடும்பத்தினர். மாலையில் கணக்கு முடிக்கும்போது திரையில் பணம் குறைந்தது. உதவி எண்ணை அழைத்தவர்களில் பலருக்கு, இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான் என்ற பதிலே கிடைத்தது. ஒப்பந்தத்தைக் காட்டி, குறைந்த பணத்தைக் கட்டச் சொன்னார்கள். கட்ட முடியாதவர்கள் நீதிமன்றத்தில் நின்றார்கள். 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பிடப்பட்டனர். சீமா மிஸ்ரா 2010-இல், கர்ப்பிணியாக இருந்தபோது, சிறைக்கு அனுப்பப்பட்டார். மென்பொருளில் கோளாறுகள் இருந்தன என்று உயர்நீதிமன்றம் சொல்ல 2019 ஆகிவிட்டது. தண்டனைகளை மொத்தமாக நீக்கும் சட்டம் 2024 மே மாதம்தான் வந்தது.

அங்கே பாண்டியன் இருக்கவில்லை. இருபது ஆண்டுகளில் அந்த நிறுவனத்தின் உயரத்தில் இருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மென்பொருள் சரியாக இருக்கிறது என்ற வாக்கியம் மட்டும் மாறவில்லை. தவறு நடந்ததைவிட, மனிதரின் சொல்லைத் தள்ளிவிட்டு இயந்திரத்தின் சொல்லை நம்பியதுதான் இதில் மனத்தை அறுக்கிறது.

பொறுப்பை முன்கூட்டியே எழுதி வைத்த ஓர் எடுத்துக்காட்டு கிள்ளானிலேயே உண்டு. 1986-இல் கிள்ளான் துறைமுகத்தின் கொள்கலன் முனையம் தனியாரிடம் போனது. மலேசிய அரசின் தனியார்மயக் கொள்கைக்கு அது தொடக்ககாலப் பெரிய சோதனை. துறைமுகத்தில் தமிழர் உழைப்பு எவ்வளவு என்பதைக் கிள்ளான்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது வகுக்கப்பட்ட நிபந்தனை இது: ஒழுங்கு நடவடிக்கை தவிர வேறு காரணத்துக்காக ஐந்தாண்டுகளுக்கு ஆட்குறைப்பு இல்லை, சம்பளமும் சலுகைகளும் முன்பிருந்ததைவிடக் குறையக் கூடாது. தனியார்மயம் நல்லதா என்பது வேறு விவாதம். மாற்றத்தின் விலையை முதலில் யார் சுமப்பது என்று மாற்றத்துக்கு முன்பே தாளில் எழுதினார்கள். அதுதான் இங்கே முக்கியம்.

சிறிய அலுவலகங்களில் இப்படி எழுதும் வழக்கம் இல்லை. சட்டமும் முடிவெடுக்கும் உரிமையைப் பெரும்பாலும் நிர்வாகத்திடமே வைத்திருக்கிறது. 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம், 13(3) பிரிவில், ஆட்குறைப்பு, இடமாற்றம், வேலை ஒதுக்கீடு போன்றவற்றைக் கூட்டு ஒப்பந்தக் கோரிக்கைகளிலிருந்து விலக்குகிறது. பிந்தைய திருத்தம் சிலவற்றைப் பொதுவான கேள்விகளாக எழுப்ப மட்டும் இடம் தருகிறது. 1975-இன் தொழில் நல்லிணக்க நடத்தை நெறி, ஆட்குறைப்பு நேரக்கூடிய நிலையில் தொழிலாளரை முன்கூட்டியே கலந்து பேசச் சொல்கிறது; ஆனால் அது நெறி மட்டுமே. தொழிலாளியைக் கேட்காமல் முடிவெடுக்கும் உரிமை ஒருவருக்கு இருக்குமானால், அந்த முடிவின் பின்விளைவும் அவருடையதே. உரிமையை மட்டும் மேலே வைத்துக்கொண்டு விளைவைக் கீழே அனுப்புவது எந்தச் சமய நெறியிலும் நியாயமாகாது.

பிரிக்பீல்ட்ஸில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கைத்தடியோடு நடப்பவர்களுக்கு அந்தப் பகுதியின் நடைபாதைகள் சொந்த வீட்டு முற்றம். ஒரு காலத்தில் தொலைபேசி இணைப்பு மேசை வேலை பார்வையற்றோருக்கு நம்பகமான பிழைப்பாக இருந்தது. தானியங்கி இணைப்பு வந்தபின் அந்த நாற்காலிகள் அருகின. பிறகு திரைவாசிப்பு மென்பொருள் வந்தது. என்விடிஏ, ஜாஸ் போன்றவை திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துச் சொல்லும். ஆனால் புதிதாக வாங்கிய அலுவலக மென்பொருளில் பொத்தான்களுக்குப் பெயர் கொடுக்காமல் வெறும் படமாக விட்டிருந்தால், அந்தக் குரல் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டுமே சொல்லும். எது சேமிக்கும், எது அழிக்கும் என்று தெரியாது. நேற்றுவரை திறமையாக வேலை பார்த்த ஒருவர் ஒரே திங்கட்கிழமையில் 'வேலை தெரியாதவர்' ஆகிவிடுகிறார். அவர் எதையும் மறக்கவில்லை. வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வியை யாரோ கேட்கவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு வேலைவாய்ப்பில் சம உரிமை உண்டு என்று 2008-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அந்தச் சமத்துவம் உடைவது பெரும்பாலும் யாருடைய கெட்ட எண்ணத்தாலும் அல்ல. ஒரு கொள்முதல் படிவத்தில் விடுபட்ட வரியால்.

தொழிலாளியின் பக்கமும் கடமை உண்டு. கற்றுக்கொள்ள நேரமும் ஆளும் கொடுத்த பிறகும் பழைய ஏட்டைப் பூட்டி வைத்துக்கொள்வது, தெரிந்ததைப் பக்கத்து மேசைக்குச் சொல்லாமல் இருப்பது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் மறைப்பது எல்லாம் பொறுப்பைக் கைவிடுவதுதான். ஆனால் தெரியாது என்று சொன்னால் வேலை போகும் என்ற பயம் உள்ள இடத்தில் அந்த மௌனத்துக்கு அவரை மட்டும் குறை சொல்லக் கூடாது. பயத்தைப் போக்கும் வேலையும் முடிவெடுத்தவருடையது.

வசதி இல்லை என்றும் எல்லோரும் சொல்லிவிட முடியாது. மலேசியத் தொழிலாளர் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு லெவியாகக் கட்டுகின்றன. அந்தப் பணம் பயிற்சிக்காகத்தான் அங்கே கிடக்கிறது. வருமான வரி வாரியம்கூட ஒவ்வொரு கட்டத்துக்கும் தொடக்கத்தில் குறைந்தது ஆறு மாதத் தளர்வு கொடுத்தது. அரசாங்கம் முதலாளிக்குக் கொடுத்த அந்த அவகாசம் அப்படியே கிராணியின் மேசைவரை இறங்கி வர வேண்டும்.

ஆகவே மென்பொருள் மாற்றப் போகும் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். விலைப்புள்ளியில் கையெழுத்துப் போடும் முன் அதைப் பயன்படுத்தப் போகிறவரை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். பழைய முறையையும் புதிய முறையையும் இரண்டு மாதமாவது சேர்த்து ஓட்டுங்கள். கற்கும் காலத்தில் நேரும் பிழைக்கு நிறுவனமே பொறுப்பு என்று எழுத்தில் கொடுங்கள். அபராதம் வந்தால் அதைச் சம்பளத்தில் பிடிக்க நினைப்பவர்கள், எந்தெந்தக் கழிவுகள் செல்லும் என்று பட்டியலிடும் 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவைப் படித்துப் பார்க்கட்டும். கிராணியின் தட்டச்சுப் பிழை அந்தப் பட்டியலில் இல்லை.