பொண்ணுதானா என்று கேட்டால்?

ஒரு பெண் வேகமாக ஓடினால் ஊர் கைதட்டும். ரொம்ப வேகமாக ஓடினால்? 'ஆம்பளை மாதிரி ஓடுறாளே' என்று இழுக்கும். அது பாராட்டா, சந்தேகமா? சொல்கிறவருக்கே தெரியாது!

சாந்தி சௌந்தரராஜனை ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? புதுக்கோட்டை மாவட்டம், கத்தக்குறிச்சி. அப்பா, அம்மாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி. ஊரே கொண்டாடி முடிப்பதற்குள் 'பாலினப் பரிசோதனையில் தோற்றார்' என்று டி.வி-யில் செய்தி. பதக்கம் போச்சு. 2007-ல் தற்கொலை முயற்சி. 2012-ல் அதே செங்கல் சூளையில் தினக்கூலி. பயிற்சியாளராக அரசு வேலை கிடைத்தது 2016-ல்தான்.

'பரீட்சையில் தோற்றார்' சரி. 'பந்தயத்தில் தோற்றார்' சரி. 'பெண்ணாக இருப்பதில் தோற்றார்' என்றால் என்ன சார் அர்த்தம்? பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்தவர் அவர்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் கேட்க வேண்டும். நாலாவதாக வந்து பதக்கத்தைத் தவறவிட்ட பெண்ணும் விடியற்காலையில் எழுந்து ஓடியவள்தானே? ஆணின் உடல் பலத்தோடு மோத வேண்டாம் என்றுதானே பெண்களுக்குத் தனிப்பிரிவு? எனவே, கோடே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால், இயற்கை கோடு பார்த்துப் படைப்பதில்லை. நான் காமர்ஸ் படித்தவன். பற்று, வரவு இரண்டிலும் அடங்காத தொகையை 'சஸ்பென்ஸ் கணக்கு' என்று ஓரமாக எழுதிவைப்போம். மனுஷியை அப்படி எழுதிவைக்க முடியுமா?

பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மாண்டிராண்டா, 1964 ஒலிம்பிக்கில் 2 தங்கம் வென்றவர். பிறவியிலேயே மரபணுவில் ஒரு மாற்றம். அதனால் ரத்தத்தில் சிவப்பணுக்கள் எக்கச்சக்கம். அதாவது, கூடுதல் ஆக்ஸிஜன். அவருடைய பதக்கத்தை யாரும் பிடுங்கவில்லை. ஆணுக்கு வாய்த்தால் வரம். பெண்ணுக்கு வாய்த்தால் விசாரணை!

தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா, 2009-ல் பெர்லினில் உலக சாம்பியன் ஆனபோது வயது 18. சில வாரங்களிலேயே அங்கே ஒரு பத்திரிகை அவருக்கு கவுன் மாட்டி, நகை போட்டு, மேக்கப் செய்து அட்டையில் பிரசுரித்தது. தங்கம் வாங்கினால் போதாது, பார்க்கவும் 'லட்சணமாக' இருக்கணும். நம்ம ஊர் மைதானத்திலும் 'முடியை வெட்டிக்காதே, கறுத்துடாதே, தோள் அகலமாயிட்டா எவன் கட்டிப்பான்?' என்று கேட்டபடிதானே ஓடுகிறார்கள்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைப் பரிசோதித்தார்கள். 8 பேருக்கு முடிவு வேறு மாதிரி வந்தது. அந்த 8 பேரையும் விளையாட விட்டார்கள், பெயரைச் சொல்லாமல். பத்து வருடம் கழித்து சாந்திக்கு அந்தக் குறைந்தபட்ச நாகரிகம்கூடக் கிடைக்கவில்லை. பதக்கத்தைத் திரும்பக் கேட்பது ஒரு விவாதம். ஒருத்தியின் உடம்பைத் தெருவில் பேசவிட்டதில் என்ன விவாதம் இருக்கிறது? அது அநியாயம், அவ்வளவுதான்.

2025 செப்டம்பர் 1 முதல் சர்வதேச தடகளத்தில் புது விதி. உலகத் தரவரிசைப் போட்டிகளில், பெண்கள் பிரிவில் ஓட ஒருமுறை மரபணுப் பரிசோதனை கட்டாயம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் ஒற்றியெடுப்பார்கள், அல்லது கொஞ்சம் ரத்தம். வலிக்காது. ஆனால், 17 வயதுப் பெண்ணிடம் அந்த முடிவை யார் சொல்வார்கள்? பக்கத்தில் அம்மா இருப்பாளா? விளக்கிச் சொல்ல ஒரு டாக்டர் இருப்பாரா? இல்லை, சங்கத்திலிருந்து யாரோ ஒருவர் செல்போனில் கூப்பிட்டு, 'நீ ஊருக்குக் கிளம்பும்மா' என்பாரா?