வாத்தியாரின் தாய்மொழி

எங்கள் தெருப் பையன் ஒருவன் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். ஒரு நாள் மாலை விண்ணப்பத் தாளும் கையுமாக வந்து நின்றான்.

"மாமா, கொரியாவிலே விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஆங்கில முகாம் நடத்துகிறார்கள். அந்த வேலைக்கு எழுதிப் போடுகிறேன். தாய்மொழி என்ன என்று ஒரு கேள்வி. ஆங்கிலம் என்று எழுது, வீட்டில் பேசுவதும் அதுதான் என்று சொல் என்கிறார் ஏஜெண்டு. எழுதலாமா?"

அவன் அம்மா கொல்லையிலிருந்து கூப்பிடுகிற குரல் எங்கள் திண்ணை வரை கேட்கும். அதில் ஆங்கிலத்தை நான் கேட்டதில்லை.

சிரித்துவிட்டிருப்பேன். ஆனால் அவன் சங்கடம் வாஸ்தவமானது. கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க அனுமதி கிடைப்பது பொதுவாக அமெரிக்கா, இங்கிலாந்து முதலான ஏழு நாட்டாருக்குத்தான். பயிற்சி பெற்ற இந்திய ஆசிரியர்களுக்கு 2010-இல் அமலுக்கு வந்த ஒப்பந்தம் சிறு வாசல் ஒன்றைத் திறந்தது. அங்கே உண்மை பேசினால் உள்ளே விடுவார்களோ என்ற பயம் அவனுக்கு. பயந்தவனுக்குத் தர்மோபதேசம் செய்வது சுலபம்; செய்கிறவனுக்குச் செலவில்லை.

பதில் சொல்லாமல் அவனைச் சிவகங்கைக் குளக்கரைத் தேவாலயத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பி செய்த பளிங்குச் சிற்பம் இருக்கிறது. மரணப்படுக்கையில் ஒரு கிழவர். அவர் கையைப் பற்றியபடி சரபோஜி மன்னர்.

கிழவர் ஷ்வார்ட்ஸ் பாதிரியார். 1726-இல் பிரஷ்யாவில் பிறந்தவர். ஹாலே நகரில் தமிழ் பயின்று, 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1780களில் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் ஏற்பட அவரே காரணம். அவருக்கும் ஆங்கிலம் கடன் வாங்கிய சரக்குத்தான். கொரியாவின் ஏழு நாட்டுக் கணக்கில் அந்த ஜெர்மானியருக்கும் இடமில்லை!

அவருடைய மூலதனம் வேறு. ஹைதர் அலியின் படையெடுப்பும் சொந்த அரசின் கெடுபிடியும் சேர்ந்து காவிரிச் சீமை பாழாகி, உழவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அரசர் அழைத்தார், நம்புவாரில்லை. ஷ்வார்ட்ஸ் வாக்குக் கொடுத்தார். ஏழாயிரம் பேர் திரும்பி வந்தார்கள் என்பது சரித்திரம்.

சரபோஜி அவரிடம் கற்றார், மதம் மாறவில்லை. சரஸ்வதி மகாலை வளர்த்தார், தம் சாமியைக் கும்பிட்டார். கற்ற ஆங்கிலம் ராஜ்யத்தையும் காக்கவில்லை. 1799-இல் நிர்வாகம் கும்பெனியார் கைக்குப் போயிற்று. ஆனாலும் 1798-இல் இறந்த குருவுக்காக லண்டனிலிருந்து அந்தச் சிற்பத்தை வரவழைத்தார். பாதிரியார் ஆசைப்பட்டது ஒன்று. சீடர் எடுத்துக்கொண்டது வேறு. நம்பிக்கை மட்டும் இருவருக்கும் பொதுவாக நின்றது.

"தெரியாத மொழியில் வாத்தியார் சொல்வதைச் சரிபார்க்கப் பிள்ளைகளுக்கு வழி ஏது? அவர் சொன்னதே வேதம். அப்படி நம்பப் போகிறவர்களிடம் முதல் வரியிலேயே பொய்யா?" என்றேன்.

"வேலை கிடைக்காமல் போனால்?"

"போகலாம்." அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

'தமிழ்' என்று எழுதி அனுப்பினான். இன்னும் பதில் வரவில்லை. அவன் அம்மா தினமும் என்னைப் பார்க்கிற பார்வையில், என் யோசனைக்கு விலை கொடுப்பது யார் என்பது தெரிகிறது. ஆனாலும் அதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.