யாருக்கு லாபம்?

ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்பு ஒன்றில் சின்ன வயசில் பார்த்தது. நாலடி உடும்பு. கால்களை முதுகுப் பக்கம் இழுத்துக் கட்டியிருந்தார்கள். நாக்கை மட்டும் நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது. ‘கறி உடம்புக்கு நல்லது தம்பி, தோலுக்கும் காசு’ என்றார் ஒரு பெரியவர். எனக்குப் பாவம் என்று தோன்றவில்லை. ‘அடேயப்பா, எவ்ளோ பெருசு!’ என்றுதான் தோன்றியது.

பெருசு என்றால் இந்தோனேஷியாவின் கொமோடோ உடும்புதான். பத்து அடி வரை வளரும். அதைப் பார்க்க உலகமே விமானம் ஏறிப் போகிறது.

கடலில் ஒரு நத்தை இருக்கிறது. வெளியே ஓடு கிடையாது. வழவழவென்று ஒரு சாண் நீளம். அதன் நரம்பு செல்கள் சுமார் 20,000தான். நமக்கோ 8,600 கோடி! ஆனால், ஞாபகம் எப்படி உண்டாகிறது என்பதை எரிக் காண்டெல் அதனிடம்தான் கற்றார். வாலில் ஷாக் கொடுத்தார். அப்புறம் லேசாகத் தொட்டாலே செவுளைச் சுருக்கிக்கொண்டது. திரும்பத் திரும்ப ஷாக் வாங்கிய நத்தை, அதை நாள்கணக்கில் மறக்கவில்லை. 2000-ல் காண்டெலுக்கு நோபல் பரிசு.

ஆக, உடும்பைவிட நத்தையே பெரிது என்று முடிக்கத்தான் உட்கார்ந்தேன். பி.காம். படித்த புத்தி, லாபக் கணக்கு போட்டுவிட்டது. சட்டென்று அந்தப் பெரியவர் ஞாபகம் வந்தார். அவர் போட்டதும் இதே கணக்குதானே? அவருக்குக் கறி, எனக்கு விஞ்ஞானம்.

1972-ம் வருட வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நம்மூர் உடும்பு இருக்கிறது. கொன்றால் குறைந்தது 3 வருஷம் ஜெயில். அதனால் நமக்கு என்ன பயன் என்று சட்டம் கேட்கவில்லை.

ஒன்று யோசித்துப் பாருங்கள். சுமார் 7 கோடி வருஷத்துக்கு முன்னால் அரியலூர் வட்டாரம் கடலுக்கு அடியில் கிடந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் சிப்பியும் நத்தையும் இன்றும் கல்லாகக் கிடைக்கின்றன. அன்று லாபம் பார்க்க மனுஷனே கிடையாது. யாருக்கும் உபயோகப்படாமலேயே அவை வாழ்ந்தன.

ஷாக் வாங்கிய நத்தை மறக்கவில்லை என்று நமக்குத் தெரியும். கட்டிப்போட்ட உடும்புக்கு எப்படி வலித்திருக்கும் என்று நான் இத்தனை வருஷமும் யோசிக்கவே இல்லை.

நீங்கள்?