குறைத்தலும் மறைத்தலும்

எளிமை நல்லதா என்று வினவின் அன்று என்பார் ஒருவரும் இரார். உணவிலும் உடையிலும் பேச்சிலும் எளிமையைப் போற்றுதல் நம் இல்லங்களில் குழந்தைகளும் கேட்டு வளர்ந்த ஒன்று. ஆயின் எதனை நீக்கி அவ்வெளிமையைப் பெறுகிறோம், நீக்கப்பட்டது யாருக்கு உரியது என்னும் வினாவை நாம் அடிக்கடி எழுப்புவதில்லை. அவ்வினா நமக்கு எழுந்தது சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில். ஓர் இணையதளத்தின் முகப்புப் பக்கத்தைத் திருத்தி அமைக்கும் வேலையில். கணினிக்கும் அறவினாவுக்கும் என்ன தொடர்பு என்று ஐயுறும் பெரியோர் சற்றே பொறுத்தருள்க.

இணையப் பக்கங்கள் பிறக்கும்போது எளியனவாகவே பிறந்தன. ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ அமைத்து, 1991-ஆம் ஆண்டில் பிறர் காண வெளியிட்ட முதல் தளத்தில் எழுத்துகளும், ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இணைப்புகளுமே இருந்தன. 1993-இல் வந்த மொசைக் என்னும் உலாவி எழுத்தோடு படத்தையும் ஒருங்கே காட்டிப் பரவிய பின்னர் நிலை மாறிற்று. ஓடும் எழுத்துகள், மின்னும் நட்சத்திரங்கள், வந்துபோனோர் எண்ணிக்கை என்று பல பக்கங்கள் திருவிழாக் கடைத்தெருவாயின. அதற்கு எதிராக எழுந்ததே மினிமலிசம் என்று வடிவமைப்பாளர் கூறும் முறை. நாம் அதனைச் சிற்றமைப்பு என்போம். ஒரு பக்கத்துக்கு ஒரு நோக்கம். அந்நோக்கத்துக்கு உதவாதவற்றை நீக்குதல். எழுத்தைச் சுற்றி வெற்றிடம் விடுதல். வண்ணங்களையும் எழுத்துருக்களையும் ஒன்றிரண்டோடு நிறுத்துதல். பக்கத்தின் பாரத்தைக் குறைத்தல். இவை யாவும் நல்லனவே.

பாரம் என்றது இங்கு உவமை அன்று. அதற்குக் கணக்கு உண்டு. இணையத்தில் இன்று பெரும்பாலும் வழங்கும் முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் இடம் கொள்ளும். ‘கொ’ என்பதில் ககரத்துக்கு ஒரு குறி, ஒகரத்துக்கு ஒரு குறி. ஆக 6 பைட். இவ்வாறு எண்ணினால் இக்கட்டுரை முழுவதும் ஏறத்தாழ 30 ஆயிரம் பைட் அளவே வரும். கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தைச் சுருக்காமல் இட்டால் 30 இலட்சம் பைட் ஆவது இயல்பு. அதாவது இத்தகைய கட்டுரைகள் நூறு. ஆதலின் வெறுமையாகத் தோன்றும் பக்கம் பெரும்பாரம் உடையதாகவும், எழுத்து நிறைந்து தோன்றும் பக்கம் மிக இலேசானதாகவும் இருத்தல் கூடும். கண்ணுக்கு எளிமை வேறு. சிற்றூரில் குறைந்த அலைவரிசையில் பக்கம் திறக்கக் காத்திருப்பவருக்கு எளிமை வேறு. இதனை நாம் அறிந்தது காலம் கடந்தே.

நாம் அங்கம் வகிக்கும் சிறு கல்வி உதவிக் குழு ஒன்று உண்டு. அதன் பழைய முகப்புப் பக்கத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரின் படங்கள், மூன்று பொன்மொழிகள், ஆண்டுவிழாக் காட்சிகள், நன்கொடையாளர் பட்டியல் எல்லாம் நெருங்கிக் கிடந்தன. அவற்றுக்கிடையே விண்ணப்பத்தின் கடைசி நாளும் தொலைபேசி எண்ணும் இருந்தன. 2021-ஆம் ஆண்டில், திறமை மிக்க இளைஞர் ஒருவர் ஊதியம் பெறாமலே அதனை மாற்றியமைத்துக் கொடுத்தார். வெண்மையான பக்கம், நடுவே ஓர் அகல்விளக்கின் பெரிய படம், அதன்கீழ் இளஞ்சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு வரி, மேல் மூலையில் மூன்று சிறு கோடுகள். ஏனைய யாவும் அம்மூன்று கோடுகளைத் தொட்டால் விரியும் பட்டியலுக்குள். 1981-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார் என்னும் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்த குறி அது. பட்டியல் உள்ளே இருக்கிறது என்பதே அதன் பொருள். அப்பொருள் முன்னரே தெரிந்தவர்க்குத் தெரியும். இளைஞரைக் குறை கூறுவதற்கில்லை; அவர் திரையில் காட்டியபோது பளிங்கு போல் இருக்கிறதே என்று முதலில் வியந்தவர் நாமே.

கடைசி நாள் கழிந்து பத்து நாட்களுக்குப் பின் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் அம்மையார் தொலைபேசியில் பேசினார். நம் எண்ணை அவர் யாரிடமோ கேட்டுப் பெற்றிருந்தார். “நானும் எட்டாவது வரை படித்தவள்தான், ஐயா. பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ரொம்ப நேரம் கழித்து விளக்குப் படம் வந்தது. வேறொன்றும் இல்லை. இந்த வருஷம் உதவி கிடையாது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்” என்றார். மூலையிலிருந்த கோடுகளை அவர் ஓர் அலங்காரம் என்று எண்ணியிருந்தார். அவ்வாண்டு நிதி முழுவதும் பங்கிடப்பட்டுவிட்டது. மகளின் முதலாண்டுக் கட்டணத்துக்கு அவர் வட்டிக்குக் கடன் வாங்கினார்.

பழைய பக்கம் இருந்திருப்பின் அவர் கடைசி நாளைக் கண்டிருப்பார். கூட்டத்துக்கிடையே தேடியாவது கண்டிருப்பார். நாம் நீக்கியது இரைச்சலை மட்டும் அன்று; அவருக்குச் சேரவேண்டிய செய்தியையும் சேர்த்தே நீக்கினோம். அதற்கு எளிமை என்று பெயரும் இட்டோம்.

இதே வினா உலகறிந்த ஓரிடத்தில் எழுந்தது. 1998-இல் தொடங்கிய கூகுள் நிறுவனத்தின் முகப்புப் பக்கம் சிற்றமைப்புக்கு எடுத்துக்காட்டாக எங்கும் பேசப்படுவது. தொடக்க காலத்தில் சிலரை அதன்முன் அமர்த்திச் சோதித்தபோது அவர்கள் ஒன்றும் செய்யாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தனராம். பக்கத்தின் மீதிப் பகுதி இன்னும் வரவில்லை என்று காத்திருந்தனர் என்பது பின்னரே தெரிந்தது. பக்கம் இவ்வளவே என்று உணர்த்துவதற்காக அடியில் பதிப்புரிமை வரி ஒன்று பெரிதாக்கி இடப்பட்டதாக அங்கே பணியாற்றிய மரிசா மேயர் கூறியிருக்கிறார். வெறுமையும் ஒரு செய்தியாகப் படிக்கப்படும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. வந்தவாசி அம்மையாரும் அதனைத்தான் படித்தார். அவர் படித்த செய்தி வேறு, அவ்வளவே.

அவ்வரிக்கு மேலும் ஒரு கதை உண்டு. பயனாளர் விவரங்களைச் சேகரிக்கும் தளங்கள் தம் தனியுரிமைக் கொள்கையைக் கண்ணில் படும்படி வைத்தல் வேண்டும் என்னும் சட்டம் கலிபோர்னியாவில் 2003-இல் இயற்றப்பட்டு 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கூகுளின் முகப்பிலோ அதற்கான இணைப்பு இல்லை. 2008-இல் இது குறித்து வெளிப்படையாகக் குறை எழுந்தது. அக்கொள்கை எளிதில் அடையக்கூடியதாகவே உள்ளது என்பது நிறுவனத்தின் விடை. பின்னர் அவ்வாண்டு ஜூலையில் இணைப்பு இடப்பட்டது. ஆனால் நிறுவனர்கள் ஒரு நிபந்தனை விதித்தனர்: முகப்பில் உள்ள 28 சொற்கள் 29 ஆகக் கூடாது. ஒன்று வரவேண்டுமாயின் ஒன்று போகவேண்டும். எது போயிற்று தெரியுமா? பதிப்புரிமை வரியில் ஆண்டுக்கு அருகே நின்ற அந்நிறுவனத்தின் பெயரே போயிற்று. அது நின்ற இடத்தில் தனியுரிமை என்னும் சொல் வந்து அமர்ந்தது.

அவ்விணைப்பினாலேயே பயனாளர் விவரங்கள் காக்கப்பட்டுவிட்டன என்று நாம் கூறவில்லை. அது வேறு வழக்கு, நீண்ட வழக்கு. நம்மை நிறுத்தியது இரண்டு செயல்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு. பயனாளர்க்கு உரிய சொல்லை இடமில்லை என்று வெளியே நிறுத்தியதும் சிற்றமைப்பின் பெயரால் நிகழ்ந்தது. அதே சொல்லுக்கு இடம் தர, தன் பெயரை எடுத்துக்கொண்டதும் சிற்றமைப்பின் பெயரால் நிகழ்ந்தது. பார்வைக்கு இரு பக்கங்களும் ஏறக்குறைய ஒன்றே. சொல் எண்ணிக்கையும் ஒன்றே.

இல்லறத்தார்க்கு உரைத்த அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமை இங்கு நினைவுக்கு வருகிறது. அது முனிவர் கொள்ளும் முற்றத் துறத்தல் அன்று. நிலம், மனை, பொன், தானியம் இவற்றுக்குத் தனக்குத்தானே ஓர் அளவு வரைந்துகொள்ளுதல். அங்கு வரையப்படுவது தன் பொருள். வேலையாளின் கூலியைக் கொடாது நிறுத்திவிட்டு, என் செலவுக்கு வரைந்த அளவு முடிந்தது என்று ஒருவர் கூறின் அதனை விரதம் என்று யாரேனும் ஒப்புவரோ?

இதனைக் குழுவில் எடுத்துரைத்தபோது தலையசைத்தோர் பலர். ஆனால் பக்கத்தை மீண்டும் திருத்த அமர்ந்தபோது அது அத்துணை எளிதாக முடியவில்லை. கடைசி நாள், தகுதி, இணைக்கவேண்டிய சான்றுகள், தொலைபேசி எண், பேசுவதற்குரிய நேரம் ஆகியன திறந்தவுடன் தெரியவேண்டும் என்பதில் மாறுபாடு இல்லை. எழுத்தின் நிறமும் விரைவில் முடிந்தது. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே ஒளி விகிதம் 4.5-க்கு 1 என்ற அளவேனும் வேண்டும் என்பது 2008-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறி. வெண்மையில் கருமை 21-க்கு 1. நம் இளஞ்சாம்பல் 3-ஐயும் எட்டவில்லை. பொறுப்பாளர் படங்களும் பெயர்களும் போகட்டும் என்றோம். அவற்றுள் நம் பெயரும் ஒன்று. சிறிது வருத்தம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இடர் வந்தது நன்கொடையாளர் பட்டியலில். தம் தந்தையார் நினைவாக அறக்கட்டளை நிறுவிய முதியவர் ஒருவர் எழுந்து, “எங்கள் அப்பா பெயர் உங்களுக்குக் கூட்டமாகத் தெரிகிறதா?” என்று கேட்டார். நம்மிடம் உடனே விடை இல்லை. நம் பெயரை நாம் எடுத்துக்கொள்வது துறவு போல் தோன்றலாம். அவர் தந்தையார் பெயரை நாம் எடுப்பதற்கு அப்பெயர் தகுமா? பெயர் எழுதப்படும் என்னும் நம்பிக்கையில் கொடுத்தவர்க்கு அது நாம் பட்ட கடன். மாணவர்க்குச் சேரவேண்டிய செய்தியும் கடன். இரண்டு கடன்கள் ஓர் உள்ளங்கை அளவு திரையில் மோதுகின்றன. எதனை முதலில் தீர்ப்பது என்பதற்குச் சிற்றமைப்பு நூல்கள் வழி கூறா. கடைசி நாள் கழிந்தால் திரும்பாது, பெயர் காத்திருக்கும் என்னும் ஒரே காரணத்தால், பட்டியலைத் தனிப் பக்கத்தில் எழுத்தாகவே வைத்து, முகப்பின் கீழே ‘உதவி அளித்தோர்’ என்று சொல்லால் எழுதி இணைத்தோம். கோடுகள் இல்லை. அப்பெரியவர் முழு மனத்தோடு ஒப்பினார் என்று சொல்வதற்கில்லை. அடுத்த ஆண்டுவிழாவில் நம்மோடு உடன்அமர்ந்து உணவு கொண்டார். இதுபற்றி ஒன்றும் பேசவில்லை.

அம்மையாரின் மகள் இரண்டாம் ஆண்டு முதல் உதவி பெற்றார். முதலாண்டுக் கடனுக்குரிய வட்டியைக் குழு ஈடு செய்யலாமா என்ற பேச்சு ஒருமுறை எழுந்து, விதியில் இடமில்லை என்று முடிந்தது. அக்கூட்டத்தில் நாமும் இருந்தோம். எதிர்த்து ஒன்றும் கூறவில்லை. இப்போது பக்கம் ஒரு பழைய அறிவிப்புப் பலகை போல் காட்சி தருகிறது. எந்தக் கைப்பேசியிலும் விரைவில் திறக்கிறது. நன்றாக இருந்த அந்த விளக்குப் படத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்போர் இன்றும் உளர்.